பேட்டரி மாற்றிய மறுநாள் ஊமையான ஹார்ன்: ஒரு மைவி காடியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள்தான். இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய கூட்டரசுச் சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் தார் முடிந்து செம்மண் பாதை வந்துவிடும். செம்பனை மட்டைகள் இரு பக்கமும் தாழ்ந்து நிற்பதால் வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது குலை ஏற்றிய லோரியா, டிராக்டரா, சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் தோட்டத்துப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்னை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது பழக்கம். டவுனில் ஹார்ன் அடித்தால் முறைப்பார்கள். தோட்டத்தில் அடிக்காமல் வந்தால் நிறுத்தி வைத்துத் திட்டுவார்கள்.

நான் இந்த ஊரில் காடி (கார்) வயரிங் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது என் பட்டறைக்கு வந்த ஒரு காடியின் கதை. இதில் நான் ஒரு தவறு செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்; அதை விட்டுவிட்டால் எழுதுவதற்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

காடி 2009-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி. உரிமையாளர் தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் தோட்டத்தை ஒட்டியே வீடு. தினமும் காலையில் பேரப்பிள்ளைகள் இருவரையும் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, காப்பிக்கடையில் பசியாறி, வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவார். காடி அவருக்குக் கைமாறி வந்தது. முதல் உரிமையாளர் கம்பெனி ஹார்னின் சத்தம் போதவில்லை என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனி ரிலே (பட்டனின் சின்னக் கரண்டை வைத்து ஹார்னின் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்து நத்தை வடிவ இரட்டை ஹார்ன் மாட்டியிருந்தார். கிராணி ஐயாவுக்கு அது தெரியாது. "காடி சின்னது, சத்தம் மட்டும் பெரிய காடி மாதிரி" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை: பேட்டரி

காலையில் சாவியைத் திருப்பினால் டக், டக் என்று மட்டும் சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கின. பழைய பேட்டரி போட்டு இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவு நாள் உழைத்ததே நல்லது. வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தரும் கடைக்குப் போன் செய்தார். வேனில் ஒரு பையன் வந்தான். மீட்டர் வைத்துப் பார்த்துப் பேட்டரி போய்விட்டது என்றான். இந்த ரகக் காடிக்கு வழக்கமாகப் போடும் என்எஸ்40 இசட்எல் அளவுப் புதிய பேட்டரியை வைத்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் தலையைக் கவ்வும் கிளாம்பில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஸ்பேனர் வைத்ததும் விரிசல் விட்டது. அதை வெட்டிவிட்டுப் புதுப் பித்தளைக் கிளாம்ப் போட்டான். எஞ்சினை ஓட விட்டு மீட்டரில் 14.1 வோல்ட் காட்டினான். ஆல்டர்நேட்டர் சரி, சார்ஜ் ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். முகப்பு விளக்கு, சிக்னல் விளக்கு எல்லாம் போட்டுப் பார்த்தான். ஹார்னை யாரும் அழுத்தவில்லை. கிராணி ஐயாவின் கவலையெல்லாம் ரேடியோவில் பதிந்து வைத்த மின்னல் எஃப்எம் அழிந்துபோனதும் கடிகாரம் பன்னிரண்டில் நின்றதும்தான். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பையன் கிளம்பினான்.

புதன்கிழமை: தோட்டத்து முச்சந்தி

மறுநாள் காலை, பிள்ளைகள் பின்சீட்டில். ஆலைக்குப் போகும் பாதை வந்து சேரும் முச்சந்தியில் வழக்கம்போல ஹார்னை அழுத்தினார். சத்தமே இல்லை. இடப்பக்கத்திலிருந்து குலை லோரி வந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்தார், லோரிக்காரரும் பிடித்தார். இடைவெளி இரண்டு ஆள் நீளம் இருந்திருக்கும் என்றார். பள்ளியில் பிள்ளைகளை விட்டதும் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போன் போட்டார். ஹார்னுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை, ஹார்ன் பழசாகியிருக்கும் என்று பதில் வந்தது.

அவர் என் பட்டறைக்கு வரும்போது மணி ஒன்பதரை. சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நேத்து பேட்டரி மாத்துனாங்க, இன்னைக்கு ஹார்ன் செத்துப்போச்சு. ஸ்டீயரிங்ல ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

முதல் பார்வை

ஹசார்டு விளக்கைத்தான் (எல்லாச் சிக்னல் விளக்கும் சேர்ந்து மின்னுவது) முதலில் போடச் சொன்னேன். டொயோட்டா வழி வந்த கார்கள் சிலவற்றில் ஹார்னுக்கும் ஹசார்டுக்கும் ஒரே ஃபியூஸ். ஹோண்டா கார்கள் பலவற்றில் ஹார்னும் பிரேக் விளக்கும் ஒன்றாக இருக்கும். பொனட்டைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை என்பதால் எதற்கும் இதிலிருந்துதான் தொடங்குவேன். ஹசார்டு மின்னியது, பிரேக் விளக்கும் எரிந்தது. ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பி அறுபடவில்லை.

பொனட்டைத் திறந்தபோதுதான் இது கம்பெனி ஹார்ன் இல்லை என்று தெரிந்தது. கிரில்லுக்குப் பின்னால் இரட்டை ஹார்ன். பேட்டரிப் பக்கம், முகப்பு விளக்கு வயரோடு டேப் சுற்றி ஒரு தனி ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக அந்த ரிலேக்கு ஒரு சிவப்பு வயர். அந்த ஃபியூஸும் நல்லபடியாகவே இருந்தது.

கிராணி ஐயாவை உள்ளே உட்கார வைத்து ஹார்னை அழுத்தச் சொல்லிவிட்டு ரிலே மேல் விரலை வைத்தேன். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் டிக் என்று அடித்தது. இது நல்ல தகவல். ஸ்டீயரிங் பட்டன், அதற்குள்ளே போகும் வயர், கம்பெனி ஹார்ன் சர்க்கியூட் எல்லாம் வேலை செய்தால்தான் இந்த ரிலே துடிக்கும். அதனால் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை ஹார்னுக்காகக் கழற்றுவது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும்; அதிலும் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த முடிவு சரியானது. அடுத்ததுதான் தப்பு.

நான் செய்த தவறு

மீட்டரை எடுத்தேன். சிவப்பு முனையை ஹார்னுக்குப் போகும் சிவப்பு வயரில் குத்தினேன். கறுப்பு முனையைக் கைக்கு வசதியாகப் பக்கத்திலிருந்த பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். "அழுத்துங்கய்யா." மீட்டரில் 12.5. கையை எடுத்தால் பூஜ்யம். ஹார்ன் வரைக்கும் கரண்ட் வருகிறது, ஆனால் ஹார்ன் கத்தவில்லை. ஆகவே ஹார்ன் போய்விட்டது. ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் இரண்டையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். உள்ளே காண்டாக்ட் ஒட்டியிருந்தால் சில சமயம் தட்டினால் பேசும். இரண்டும் பேசவில்லை.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு ஹார்ன் கெடலாம். இரண்டு ஹார்ன் ஒரே நாளில், அதுவும் பேட்டரி மாற்றிய நாளில், சேர்ந்து கெடுவது ரொம்ப அபூர்வம். ஆனால் காடி பழசு, ஹார்ன் முகமெல்லாம் செம்மண்ணும் துருவும். பார்க்கிற யாரும் "இது செத்ததுதான்" என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன். உதிரிப்பாகக் கடைக்குப் போய் 48 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுச் சோடி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

அழுத்தச் சொன்னேன். ரிலே டிக் என்றது, அவ்வளவுதான்.

கிராணி ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை.

எர்த் பக்கம்

கழற்றிய பழைய ஹார்னில் ஒன்றைத் தரையில் வைத்தேன். பட்டறையில் கிடந்த வேறு பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து அதன் இரண்டு காலிலும் (வயர் மாட்டும் முனைகள்) தொட்டேன். வாசலில் படுத்திருந்த பூனை எகிறிக் குதித்து ஓடும் அளவுக்கு அலறியது. மற்றதும் அலறியது, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் உயிர் இருந்தது. ஆக நான் குறை சொன்ன இரண்டு ஹார்னும் நல்ல ஹார்ன்.

சரி, இனி ஒழுங்காகப் பார்ப்போம் என்று மீட்டரின் இரண்டு முனைகளையும் ஹார்னின் இரண்டு கால்களிலேயே வைத்தேன். அழுத்தினால் 0. பேட்டரி நெகட்டிவில் கறுப்பு முனையை வைத்தால் 12.5, ஹார்னின் சொந்தக் கறுப்பு வயரில் வைத்தால் ஒன்றுமில்லை. அடுத்து ஹார்னின் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பார்த்தேன். அழுத்தியதும் 12 வோல்ட்டுக்கு மேல்.

எர்த் என்பது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி. எர்த் வயரில் 12 வோல்ட் நிற்கிறது என்றால் அந்த வயர் எர்த்தில் சேரவில்லை. கரண்ட் ஹார்னுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. வாய்க்காலின் கடைசியில் மதகை மூடி வைத்த மாதிரி: மதகு வரைக்கும் தண்ணீர் மட்டம் ஒன்றுதான், ஓட்டம் மட்டும் கிடையாது. நான் முதலில் பேட்டரி நெகட்டிவில் கறுப்பு முனையை வைத்தபோது, மீட்டருக்கு நானே ஒரு நல்ல எர்த் கொடுத்துவிட்டேன். ஹார்னுக்கு அது கிடைக்கவில்லை. மீட்டர் சொன்னது உண்மை. நான் கேட்ட கேள்வி வேறு.

கம்பெனி ஹார்ன்கள் பலவற்றில் ஒரே ஒரு வயர்தான் இருக்கும். எர்த்தை ஹார்னின் இரும்புத் தகடு வழியாகப் பாடியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த இரட்டை ஹார்னுக்கு இரண்டு கால், பிளாஸ்டிக் உடம்பு. தகட்டைப் பாடியில் முறுக்கினாலும் எர்த் கிடைக்காது, கறுப்பு வயர் தனியாகப் போய்ச் சேர வேண்டும். எங்கே போகிறது என்று டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். இரண்டு ஹார்னின் கறுப்பு வயரும் ஒன்றாகச் சேர்ந்து, ரேடியேட்டர் மேல்தகட்டை ஒட்டி வந்து, பேட்டரித் தட்டுக்கு அடியில் மறைந்தது. விளக்கடித்துப் பார்த்தேன். வளைய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்ட வயர் நுனி, பேட்டரிக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் மடித்துச் செருகியிருந்தது. லக்கின் ஒரு முகம் பச்சை பூத்து, மறுமுகம் பளபளவென்று. பல வருடம் ஏதோ ஒரு நட்டுக்கு அடியில் இறுகியிருந்து நேற்றுதான் வெளியே வந்தது என்பதற்கு அந்தப் பளபளப்பே சாட்சி.

லக்கை விரலால் பிடித்துப் பேட்டரி நெகட்டிவ் தலையில் அழுத்திக்கொண்டு, "இப்ப அழுத்துங்கய்யா" என்றேன். புதுச் சோடி இரண்டும் சேர்ந்து கத்தியதில் பக்கத்துக் கடைத் தவுக்கே (முதலாளி) வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நடந்தது விளங்கிவிட்டது. முதல் உரிமையாளருக்கு ஹார்ன் மாட்டியவர், பாடியில் பெயிண்டைச் சுரண்ட அலுப்புப்பட்டு, எர்த் வயரைப் பேட்டரி நெகட்டிவ் கிளாம்பின் போல்ட்டிலேயே மாட்டிவிட்டார். நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். ரிலேயின் எர்த்தை மட்டும் பாடியில் திருகியிருந்தார். அதனால்தான் ரிலே துடித்து என்னை ஏமாற்றியது. பழைய கிளாம்பை வெட்டியபோது அந்தச் சின்ன வயர் அநாதையாகிவிட்டது.

செய்த வேலையும் காரணமும்

அந்த லக்கை அப்படியே புதுக் கிளாம்பில் மாட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்படிச் செய்யவில்லை. பேட்டரி இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி மாறும். வேறு யாரோ மாற்றுவார்கள். இதே கதை திரும்ப நடக்கும். புதுக் கிளாம்பின் போல்ட்டும் கட்டை, இரண்டு லக் உட்கார்ந்தால் நட்டுக்குப் போதிய பிடி கிடைக்காது.

அதனால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பச்சை பூத்த நுனியை வெட்டினேன். உள்ளே செம்பு கறுக்காத இடம் வரும்வரை இரண்டு அங்குலம் போனது. புது லக் வைத்து நசுக்கி, சுருங்கும் குழாய் போட்டு, முகப்பு விளக்குக்குப் பின்னாலுள்ள பாடி போல்ட் ஒன்றில் அடியிலிருந்த பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டி முறுக்கினேன். மேலே கொஞ்சம் கிரீஸ்.

பிறகு ஹார்ன் கத்திக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். எஞ்சின் ஓடாத நிலையில் பேட்டரி தலையில் 12.3, ஹார்னின் இரண்டு காலில் 11.7. எர்த் பக்கம் இழப்பு 0.1 வோல்ட்தான். பாசிட்டிவ் பக்கம் 0.5. அந்தப் பழைய வயர் சற்று மெலிந்தது, ஆனால் ஹார்னுக்குப் போதும், தொடவில்லை.

அப்புறம் காசு. புதுச் சோடியைக் கழற்றிவிட்டுப் பழசையே மாட்டினேன். தேவையில்லாத சாமானுக்கு அவர் காசு கொடுப்பது முறையில்லை. "மாட்டுனது மாட்டுனபடி இருக்கட்டும் தம்பி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். கூலி மட்டும் 25 வெள்ளி வாங்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் என் தவறுக்குப் போனது.

பேட்டரிப் பையன்

மறுநாள் அவனே அந்தப் பக்கம் டெலிவரிக்கு வந்தபோது பட்டறையில் எட்டிப் பார்த்தான். கிராணி ஐயா கடைக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். வெட்டிய லக்கைக் காட்டினேன். "அது பழைய அலாரம் வயர்னு நினைச்சேன்ணே. போல்ட்டுல ஏறல, சரி சும்மா இருக்குற வயர்தானேன்னு ஓரமா சொருவிட்டேன்" என்றான்.

அவன் சொன்னது நம்பக்கூடியது. கைமாறி வந்த காடிகளில் கழற்றிய அலாரம், கழற்றிய ஆம்ப்ளிஃபையர் இவற்றின் செத்த வயர்கள் பேட்டரியில் தொங்குவதை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவனுடைய பிழை வயரை விட்டதைவிட, விட்டதைச் சொல்லாமல் போனதுதான். "ஐயா, இந்த வயர் எதுக்குன்னு தெரியல, மாட்டல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹார்ன் கத்தாத நிமிடமே காரணம் தெரிந்திருக்கும். இப்போது கிளாம்பைக் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

கூடுதல் ஹார்ன் இல்லாத காடியில்

கம்பெனி வயரிங் மட்டும் உள்ள காடியிலும் இதே புகார் வருவதுண்டு. அங்கே நான் பார்த்த வரையில் காரணங்கள் வேறு. பேட்டரியைத் தூக்கும்போதோ இறக்கும்போதோ பக்கத்து வயர் இடிபட்டு ஹார்ன் சாக்கெட் கழன்றிருக்கும். அல்லது பூத்த பேட்டரித் தலையில் கொதிநீர் ஊற்றிக் கழுவியதில், ஆசிட் கலந்த தண்ணீர் கீழே வழிந்து ஏற்கெனவே துருப்பிடித்த ஹார்ன் தகட்டில் இறங்கி, ஊசலாடிக்கொண்டிருந்த எர்த் முழுசாகப் போயிருக்கும். பாடிக்கு வரும் எர்த் கேபிளைச் சரியாக முறுக்காவிட்டால் ஹார்னோடு முகப்பு விளக்கும் மங்கும், ஸ்டார்ட்டரும் சோம்பும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபியூஸ் போவதும் உண்டு, ஆனால் எல்லோரும் முதலில் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி இல்லை. ரிலே துடிக்கவே இல்லை என்றால்தான் ஸ்டீயரிங் பக்கம் போக வேண்டியிருக்கும்.

பட்டறையில் மாற்றிக்கொண்டவை

பேட்டரி வேலைக்கு வரும் காடியில், கழற்றுமுன் இரண்டு தலையிலும் எத்தனை வயர் என்று எண்ணி, மாற்றிய பின் மறுபடி எண்ணுகிறோம். ஹார்ன், வைப்பர், கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் முன்னும் பின்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறோம். முன்னாலும் பார்ப்பது முக்கியம். பேட்டரி முழுசாகச் செத்திருந்தால் ஜம்பர் வயர் போட்டாவது பார்க்கலாம். ஏற்கெனவே வேலை செய்யாத சாமானுக்கும் பின்னால் பேட்டரிதான் பழி சுமக்கும்.

மீட்டரின் கறுப்பு முனையை இப்போது கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதில்லை. ஹார்ன் என்றால் ஹார்னின் காலில், பம்பு என்றால் பம்பின் காலில். கூடவே 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பற்றவைத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். மீட்டர் மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், அதனால் ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் அதில் 12 வோல்ட் காட்டும். பல்பு ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். வயர் கெட்டிருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கைமாறி வந்த காடிகளில் பேட்டரித் தலையில் தொங்கும் வயர்களுக்குத் துணி டேப் சுற்றிப் பேனாவால் பெயர் எழுதி வைக்கிறோம்: ஹார்ன், கேமரா, ரேடியோ. எதற்கென்று தெரியாததற்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு உரிமையாளரிடமும் காட்டிவிடுகிறோம். சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள், சிலர் "ஓடுதுல்ல, போதும்" என்பார்கள்.

கிராணி ஐயாவின் மைவி மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வந்தது. பாடி போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கம் குறையவில்லை, துருவும் இல்லை. இரட்டையில் ஒன்று இப்போது இன்னும் கரகரக்கிறது. மாற்றலாமா என்று கேட்டேன். அந்தக் குரல் பேரப்பிள்ளைகளுக்குப் பழகிவிட்டதாம், வேண்டாம் என்றுவிட்டார்.